கனிசியஸின் வலது தோளும் அயல்வீட்டு முறைப்பாடும்

யாழ்ப்பாணம் பொலிஸ் நிலையம். 1984 பெப்ரவரி.

பெயர்: கனிசியஸ் மார்கிரட். வயது: 37. தொழில்: மீன் விற்பனை. வதிவிடம்: குருநகர்.

என் கணவர் கனிசியஸை நான் நாள்தோறும் அடித்துச் சித்திரவதை செய்வதாக அவருடைய தமக்கை அற்புதராணி கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் அடிக்கவில்லை. அடிப்பதென்றால் கலியாணம் முடித்த வருடமே அடித்திருப்பேன், அதற்குக் காரணங்கள் இருந்தன.

சென்ற ஐப்பசியில் அவர் வள்ளத்தில் வழுக்கி, வலது தோள் அடிபட விழுந்தார். எலும்பு முறியவில்லை. பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள் அற்புதராணி, தம்பிக்கு நோகக்கூடாதென்று கையைச் சீலைத்துண்டால் நெஞ்சோடு கட்டிவிட்டார். நோவு குறைந்த பின்னரும் அவிழ்க்க விடவில்லை. மார்கழியில் அவிழ்த்தபோது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கை எழும்பாதவர் வீச்சு வலை வீச முடியாது. அவர் வள்ளத்தை விற்கக் கதைத்தார்.

அதன் பின்னர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். அங்கே கைகால் பயிற்சி கொடுக்கும் கமலாவதி மிஸ் தோளைப் பிடித்துப் பார்த்து, “கட்டி வைச்சபடியாத்தான் இறுகிப்போச்சுது. நோகுமெண்டு விட்டால் இன்னும் இறுகும். வெடுக்கெண்டு இழுக்காமல் மெல்ல மெல்லத் தூக்குங்கோ” என்றார். சுடுதண்ணீரில் பிழிந்த துணியை முதலில் தோளில் போட்டு, பின்னர் மல்லாக்கப் படுக்கவைத்து, தாங்கக்கூடிய நோவு வரை கையைத் தலைப்பக்கம் உயர்த்தி, ஆறுதலாக முப்பது எண்ணும்வரை பிடிக்கவேண்டும் என்று காட்டித் தந்தார். மறுநாளும் நோவு இருந்தால் குறைத்துச் செய்யச் சொன்னார்.

வீட்டில் அவரையே எண்ணச் சொன்னேன். அவர் பத்திலிருந்து இருபத்தைந்துக்குப் பாய்வார். ஆகையால் எண்ணுவதை நிறுத்தி, மாதாவுக்குரிய அருள்நிறை மந்திரத்தைச் சொல்லச் சொல்லி, அது முடியும்வரை பிடித்தேன். மந்திரத்தில் அவர் களவு செய்யமாட்டார். அதன் கடைசியில் மரண நேரம் என்று வரும். கையும் அந்நேரம் உச்சியில் நிற்பதால் அந்தச் சொல்லை மட்டும் அலறிச் சொல்வார்.

இன்று காலை கை நேற்றையைவிட நாலு விரல் மேலே போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “விடமாட்டன், இன்னொருக்கால் சொல்லுங்கோ” என்று நானும் கத்தினேன். வேலிக்கு அப்பால் நின்ற மச்சாளுக்குக் கேட்டது தம்பி மரண நேரமென்று அலறியதும், நான் விடமாட்டேன் என்றதும்தான். அவர் செருப்பும் போடாமல் இங்கு ஓடிவந்திருக்கிறார்.

அதன் பின்னர் பொலிசார் எங்களை இங்கு அழைத்து வந்தார்கள். சார்ஜன்ட் சோமசேகரம் ஐயா, “பெனியனைக் கழட்டுங்கோ, காயத்தைப் பாப்பம்” என்று என் கணவரிடம் சொன்னார். அவர் பொலிசுக்குப் பயந்தவர். உடனே இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலால் உருவி எடுத்துவிட்டார். சார்ஜன்ட் ஐயா முதுகைப் பார்த்தார், காயம் இல்லை. நானும் மச்சாளும் கையைப் பார்த்தோம். விழுந்த நாளுக்குப் பின்னர் நான் கழற்றிவிடாமல் அவர் பெனியன் கழற்றியது இதுவே முதல் தடவை.

“எடி மார்கிரட், கழட்டிப்போட்டன்” என்றார் அவர்.

மச்சாள் அழுதுகொண்டு, “திருப்பிப் போட்டுக் கழட்டு தம்பி, நான் வடிவாப் பாக்கேல்லை” என்றார். அவர் போட்டார், கழற்றினார், கேளாமலே மறுபடியும் போட்டுக் கழற்றினார். அதுவரை இந்த வாக்குமூலம் எழுதுவது நிறுத்திவைக்கப்பட்டது.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

ஒப்பம்: க. மார்கிரட்

உண்மையென்று சாட்சி ஒப்பம்: அற்புதராணி (முறைப்பாட்டுக்காரி)