தெளிவா இருக்குன்னு சொன்னவர்

இரவு ஒரு மணி இருக்கும். கிடங்குகள் மட்டுமே உள்ள நீளமான சாலை. இரண்டு பக்கமும் இறக்கிவிட்ட இரும்பு ஷட்டர்கள். ஒரு நாய்கூட இல்லை... வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்தார் என் தோழியின் சித்தப்பா. நடந்தது அவருக்குத்தான். தோழி சத்தியம் செய்து சொன்னது. பயப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். அப்புறம் பக்கத்தில் இருப்பவர் கையை நகத்தால் கிள்ளக் கூடாது.

வண்டியின் பின்பக்கம் திடீரென்று அழுந்தியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் ஏதோ பட்டது... பெரிதாக, இளஞ்சூடாக. பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது ‘தளக்’ என்றது. வயிறு நிறையத் தண்ணீர் ஆடும் சத்தம்.

அந்தச் சத்தத்தைப் பல வருஷம் கேட்டவர் அவர். சித்தி செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சித்திக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். அது வழியாக மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, உடம்பின் கழிவோடு சேர்த்து வேறொரு பையில் வடிக்க வேண்டும். தினமும் நாலு தரம். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகமூடி கட்டி, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, எல்லாம் செய்தது சித்தப்பாதான். வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எழுத்து தெரிந்தால் நல்லது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி எழுத்து மறைந்தால் உள்ளே கிருமி. உடனே ஆஸ்பத்திரி.

சர்க்கரை நோயில் சித்திக்குக் கண்ணும் மங்கிவிட்டது. அதனால் பை வழியாகத் தெரியும் செய்தியைச் சித்தப்பா உரக்கப் படித்துக் காட்டுவார். அது அவர்கள் வழக்கம். பிள்ளை இல்லாதவர்கள். சித்திக்கோ வாய் சும்மா இருக்காது.

“ஊர்ல எல்லாரும் பத்து மாசம் சுமந்து ஒண்ணு பெக்குறாங்க. நான் தினம் நாலு பெக்குறேன். பிள்ளை எப்படிங்க இருக்கு?”

“பளிச்சுனு இருக்கு. என் நிறம் இல்ல, தப்பிச்சுது.”

வருஷம் போகப் போக வயிற்றுச் சவ்வு தடித்துப்போனது. தண்ணீர் சரியாக வடியவில்லை. கால் வீங்கியது. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை, இறங்கியதும் வாந்தியாக வெளியே வந்தது. கிருமியும் இரண்டு முறை வந்து போனது. “இன்னொரு தடவை வந்தா குழாயை எடுத்திடணும். அப்புறம் மெஷின்லதான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். வாரம் மூணு நாள் நீங்கதான் கூட்டிட்டு வரணும்” என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிடங்கில் சித்தப்பாவுக்குப் பகல் நேர மேற்பார்வையாளர் வேலை வருவதாக இருந்தது. “இனிமே லீவுன்னு வந்து நின்னா, வீட்டோடயே இருந்துக்கய்யா” என்று மேலாளர் முன்பே சொல்லிவிட்டார்.

பை மூன்றாவது முறையாகக் கலங்கியது.

ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை... சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங்க, சத்தத்தையே காணோம்?”

தொண்டையைச் செருமிக்கொண்டார். காலையில் படித்தது ஞாபகத்தில் இருந்தது. “நகரில் குடிநீர்க் குழாய் உடைப்பு. மக்கள் அவதி.”

“தெளிவா இருக்கா?”

“கண்ணாடி மாதிரி.”

வேலை உத்தரவு கைக்கு வரட்டும், அப்புறம் கூட்டிப் போகலாம் என்று நினைத்தார். வயிறு வலிக்கிறது என்றபோது காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். மறுநாளும் படித்தார். அதற்கு மறுநாளும்... அப்புறம் சித்தி கேட்கிற நிலையில் இல்லை.

சாவு வீட்டில் எல்லாரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். “பெத்தவகூட இப்படிப் பாத்திருக்க மாட்டா. நீ மனுஷனே இல்லய்யா, தெய்வம்.” அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூச்சம் என்று நினைத்தார்கள். மேற்பார்வையாளர் வேலை இன்னொருவனுக்குப் போனது. காரியத்துக்கு லீவு எடுத்துவிட்டாராம்.

சரி, சாலைக்கு வருவோம்...

வீடு வந்தது. அவர் இறங்கினார். பாரம் குறைந்து வண்டி மேலெழும்பியது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை எழும்பியது.

உள்ளே அந்த அறையில் விளக்கு எரிந்தது. மின்விசிறி நின்றிருந்தது. சோப்பு வாசனை... அதற்கும் அடியில், பிளாஸ்டிக்கும் புளித்த இனிப்பும் கலந்த வாசனை. மேசை மேல் ஒரு பை. தொட்டார். உடம்புச் சூடு. உள்ளே வெள்ளை வெளேரென்று கலங்கல். அடியில் செய்தித்தாள்.

கட்டில் பக்கமிருந்து குரல் வந்தது. அதில் கோபமே இல்லை. அதுதான்... கோபமே இல்லை.

“பிள்ளை எப்படிங்க இருக்கு?”

கலங்கிடுச்சும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் விட்டிருப்பாளோ என்னவோ. ஆனால் அவர் வாய் பழகிய வழியிலேயே போனது.

“நகரில் குடிநீர்க் குழாய் உடைப்பு...”

“அப்ப தெளிவா இருக்கு” என்றது குரல். “சரி, அடுத்ததை ஏத்திடலாம். நீங்க படுங்க.”

அதன்பிறகு ராத்திரிதோறும் அவர் உரக்கச் செய்தி படிக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. ஒரே செய்தி. ஒருநாள் அதுவும் நின்றது. தோழி போய்க் கதவை உடைத்து, அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். காய்ச்சல் அனலாக அடித்தது. வயிறு பலகை மாதிரி கெட்டியாக இருந்தது.

டாக்டர் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து அவள் மேல்தான் எரிந்து விழுந்தார்.

“இவ்வளவு கலங்கி வருது, வீட்ல ஒருத்தர் கண்ணுலயும் படலையா? சவ்வு இப்படித் தடிக்கணும்னா பல வருஷம் ஆகியிருக்கணும். எப்போலருந்து டயாலிசிஸ் பண்றார்?”

“அவருக்கு டயாலிசிஸே கிடையாது சார். கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு.”

டாக்டர் அவளை உள்ளே கூட்டிப்போய்ப் போர்வையை விலக்கினார்.

தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். அது இறங்கிய இடத்தில் தோல் கறுத்து, ஆறி, பழசாகியிருந்தது. குழாயின் நுனியில் இருந்த மூடி மட்டும்... யாரோ அப்போதுதான் திருகிவிட்டுப் போனதுபோல ஈரமாக இருந்தது.