ஸ்டேஷன் மாஸ்டரின் இரட்டிப்புச் செடி

அவைத் தலைவர் ஐயாத்துரை அவர்களே, யோங் பெங்கிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

முதலில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். ஸ்டேஷன் எதிரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் இந்த ஜமால், சாப்பிட வந்தவர்களுக்கெல்லாம் குரோமோசோமைப் பற்றி அளந்தவன். ஆனால் ஐயாவின் மைக்ராஸ்கோப்பில் என் இமைமயிரைத் தவிர வேறெதையும் நான் கண்டதே இல்லை!

நம் ஸ்டேஷன் மாஸ்டர் ஏரம்பமூர்த்தி அவர்கள் காலமாகிவிட்டார். இனி யாருக்கு வரும் அந்தப் பைத்தியம்? ரயில் நகர்ந்ததும் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காட்டு மரங்களை அண்ணாந்து பார்ப்பார். கழுத்து அப்படியே நின்றுவிட்டது என்று ஊரில் வதந்தி. கிளப்பியவன் நான்தான். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டுகளைக் கொண்டுவந்து பழைய தண்டவாளக் கட்டைகளில் கட்டி வளர்த்தார். வேர்நுனியைக் கிள்ளுவார், சிவப்புச் சாயத்தில் ஊறவைப்பார், கண்ணாடித் துண்டுகளுக்கிடையே நசுக்குவார். சாயத்துக்கு வேண்டிய வினிகர் என் கடையிலிருந்து போனது. விஞ்ஞானத்துக்குப் புளிப்புச் சேர்த்தவன் நான்!

உயிரணுவுக்குள் நூல்துண்டுகள் போலக் கிடப்பவைதாம் குரோமோசோம்களாம். தாய் தகப்பன் சாயல் பிள்ளைக்கு வருவது அவற்றாலாம். நம் பாலோ ஊர்க் காட்டில் அகப்பட்ட இரண்டு புறாப்பூ ஆர்க்கிட் செடிகள் பார்வைக்கு அக்காள் தங்கை. ஆனால் ஒன்றில் அந்த நூல்கள் இரட்டித்திருக்கின்றன, யார் கையும் படாமல் காடே ஒரு புது இனத்தைத் தொடங்கிவிட்டது என்று கண்டார் நம் ஐயா!

முப்பத்தாறாம் ஆண்டு மழைக்காலத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

"ஜமால், வடிவாப் பாரும். மற்றதைவிட இது இரண்டு மடங்கோ?"

கடையிலோ மீன்கறி அடிப்பிடிக்கிறது. "ரெண்டு மடங்கேதாங்க ஐயா! கூடவே இருக்கும் லா!"

"கூட்டிச் சொல்லாதையும், ஓய்!"

அன்று அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அவருடைய மகள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை புது மாஸ்டர் வருகிறார். கட்டையில் என்ன களை, பிடுங்கி எறி என்றால்? விட்டுவிடுவோமா? ஐயாவின் மனைவி ஞானேஸ்வரி அம்மா யாழ்ப்பாணம் புறப்படுகிறார்கள். அத்தனை செடிகளும் நாளையே என் கடை வாசலுக்கு வரும். மைக்ராஸ்கோப்பும் வரும். செடி படித்தவர் யாராவது வரும்வரை ஒரு வேர்கூடக் காயாது. வந்தவரிடம், "இது எங்கள் ஏரம்பமூர்த்தி கண்டது!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல நான் இருப்பேன். இது உறுதி!

உட்காருமுன் ஒன்று. இன்று காலை ஞானேஸ்வரி அம்மா என்னிடம் சொன்னார்கள்: "அவருக்குக் கண்ணிலை புரை விழுந்து கனகாலம். நீங்கள் பார்த்துச் சொன்னதைத்தானே அவர் நம்பினவர்."