உங்கள் உலாவி ஆதரிக்கப்படவில்லை

என் பெயர் பெரியகருப்பன். வயது 59. தகப்பனார் பெயர் ஆண்டியப்பன். பொன்னமராவதி வட்டத்தில் ஊரணியை ஒட்டிய தெருவில் குடியிருந்து கடலை விவசாயம் செய்து வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். தெரிந்ததால்தான் இந்த வினை என்று இப்போது தோன்றுகிறது.

என் மனைவி செவந்திக்கு மாத்திரை கொடுக்காமல் நான் மறைத்து வைத்ததாக அவளுடைய தம்பி அடைக்கலம் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

சித்திரை மாதம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவந்திக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் நடந்தது. ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். காலையும் மாலையும் உலாவச் சொன்னார்கள், அவளும் உலாவினாள். அதன் பிறகு ஆடியில் காட்டப் போனபோது டாக்டர், "இனிமே நேர்ல வர வேண்டாம், போன்லயே பாத்துக்கலாம்" என்றார். என் அண்ணனுக்குக் கேன்சர் முற்றியபோது வேறோர் ஆஸ்பத்திரியில் இப்படித்தான், இனி அலைய வேண்டாம் என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பினார்கள். அதனால் இந்த வார்த்தையைக் கேட்டதும் இவளுக்கும் அப்படித்தானோ என்று பயந்தேன். செவந்தியிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு டாக்டர் குறித்துக் கொடுத்த நாளில், குவைத்தில் இருக்கும் என் மகன் ரகுநாத் விட்டுப்போன பழைய போனில் மருத்துவமனை அனுப்பிய லிங்கைத் தொட்டேன். டாக்டர் பார்ப்பார் என்று செவந்தி தலை வாரி நல்ல சேலை கட்டியிருந்தாள். நாற்காலி எடுக்க அவள் உள்ளே போன நேரத்தில் போனில் தமிழில் எழுத்து வந்தது. "உங்கள் உலாவி ஆதரிக்கப்படவில்லை. சந்திப்பைத் தொடர இயலாது. வேறு உலாவியைப் பயன்படுத்தவும்" என்று இருந்தது.

உலாவி என்பதை நான் அதற்கு முன் படித்ததில்லை. படுத்துக் கிடப்பவர் உள்நோயாளி, உலாவச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் உலாவி என்று எடுத்துக்கொண்டேன். இனி அவளை ஆதரிக்க மாட்டோம், பார்க்கவும் மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கடைசி வரிக்கு எனக்கு அர்த்தம் புரியவில்லை, கோபம்தான் வந்தது. பெண்டாட்டிக்கு வேறு ஆளைப் பயன்படுத்தச் சொல்ல இவர்கள் யார் என்று நினைத்தேன். மறுநாளும் தொட்டுப் பார்த்தேன், அதே எழுத்துதான் வந்தது. கையை விரித்த இடத்தில் போன் போட்டுக் கெஞ்ச வேண்டாம் என்று மருத்துவமனையைக் கூப்பிடவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவான்.

முதல் நாள் நாற்காலியோடு வந்த செவந்தி, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். "லைன் சரியா இல்ல, சட்டுனு வச்சுட்டாரு. நல்லா இருக்கியாம். மாத்திரைய மட்டும் விடாம சாப்புடச் சொன்னாரு" என்று சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டு அன்றைக்குப் பணியாரம் சுட்டாள்.

அதன் பிறகு, கூடப்பிறந்தவன் முகம் பார்க்காமல் அவள் போய்விடக் கூடாது என்று அடைக்கலத்தைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். என் மகன் காதுகுத்தில் முறை செய்ததில் குறை வந்து, பல வருஷமாக அவனுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சொன்னதும் வந்துவிட்டான். வாசலில் நின்று சிரித்தான், உள்ளே வந்து அக்காள் கையைப் பிடித்ததும் அழுதுவிட்டான். அவன் போன பிறகு செவந்தி என்னைப் பார்த்து, "எந்தம்பியே படியேறி வந்துட்டான்னா எனக்கு நாள் குறிச்சாச்சுங்க. நீங்க மறைக்காதீங்க" என்றாள். டாக்டர் நல்லா இருக்கிறாய் என்றுதான் சொன்னார் என்று மறுபடியும் சொன்னேன். "அப்புறம் எதுக்கு அவன் அழுவுறான்?" என்று கேட்டாள்.

போகிற உயிருக்கு எதற்கு என்று அன்றிலிருந்து அவள் மாத்திரை சாப்பிடவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. கேட்டால் சாப்பிட்டேன் என்பாள். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வலது கை விழுந்து வாய் கோணிக்கொண்டது. கார் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். அதன் பிறகு சேலை எடுக்க வீட்டுக்கு வந்த அடைக்கலம், அவளுடைய டிரங்குப் பெட்டியில் பிரிக்காத மாத்திரை அட்டைகளைப் பார்த்திருக்கிறான். அங்கே அவற்றை வைத்தது நான் அல்ல. அவன் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மருத்துவமனையில் டாக்டர் என்னிடம், "ஏன் வீடியோவுல வரல? காத்திருந்தேனே" என்று கேட்டார். அந்த லிங்கைத் தொட்டு நான் போனை நீட்டினேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் சிவரஞ்சனி வாங்கிப் படித்துவிட்டு, "உலாவின்னா ஆளு இல்லைங்கய்யா, பிரவுசரு. போன்ல நெட்டு பாக்குறமே, அது. ஒங்க போன்ல இருக்கது பழசு, வேற பிரவுசர்ல தொறங்கன்னு போட்டுருக்கு" என்று சொல்லி, அதே லிங்கைத் தன் போனில் திறந்து காட்டினார். திறந்தது. செவந்தியின் இதயம் நன்றாக இருந்தது என்றும், அதற்கு முன் லேபில் எடுத்திருந்த ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது என்றும், மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லத்தான் அன்றைக்குக் காத்திருந்ததாகவும் டாக்டர் சொன்னார்.

இப்போதும் மாத்திரை சாப்பிட்டால் தேறிவிடுவாள் என்கிறார். அவள் சாப்பிட மறுக்கிறாள். நினைவு தெளிவாக இருக்கிறது. நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். குழறிய வாயால், "போதுங்க, இன்னும் எத்தன பொய்யி" என்றாள். டாக்டர் சொன்னதற்கும், அவரை நான்தான் சொல்ல வைத்ததாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடைக்கலத்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறாள்.

என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். செவந்தியிடம் வாக்குமூலம் வாங்க மதுரைக்குப் போகும் பெண் எஸ்.ஐ. அம்மா, கேள்வி கேட்பதற்கு முன்னால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போலீஸ் சொன்னால் ஒருவேளை நம்புவாள்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். இதில் உள்ளது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) ஆ. பெரியகருப்பன்