மூன்று உருண்டைக் களிமண்ணும் நான் திரும்பக் கேட்ட கடிதமும்

விழாவுக்குத் தலைமையேற்று, என் கையிலுள்ள தாள்களைப் பார்த்துப் புன்னகைக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்த ஆசிரியப் பெருமக்களே! வேலையிடத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லி வந்திருக்கும் தந்தையரே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்து இடம்பிடித்த தாய்மார்களே! நாற்காலி கிடந்தும் தரையே சுகம் என்று அமர்ந்திருக்கும் மழலைச் செல்வங்களே! இருபது ஆண்டுப் பணிக்காக இன்று நாம் பாராட்ட வந்திருக்கும் மழலையர் வகுப்பு ஆசிரியை அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என் கையில் நான்கு பக்கம் இருக்கிறது. மூன்று முறை திருத்தியது. முன்வரிசையில் என்ன கேட்கிறீர்கள், அம்மா? ஆமாம், கோடு போட்டுத்தான் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்த ‘ஸ்கேல் சார்’ என்ற பெயர் இந்த அவைக்கும் எட்டியிருக்கிறது!

ஐந்தாம் வகுப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். எதிலும் ஒழுங்கு, எழுத்தில் ஒழுங்கு, எண்ணில் ஒழுங்கு. வழிமுறை எழுதாத கணக்குக்கு மதிப்பெண் இல்லை என்பது என் வகுப்பின் சட்டம். அந்தச் சட்டம் சரிதானா என்று நெடுங்காலம் ஒருநாளாவது என்னை நான் கேட்டிருப்பேனா? இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், குழாய் பதிப்பதற்காக மழலையர் அறையின் தரையைத் தோண்டினார்கள். மூன்று வாரத்துக்கு அந்தக் குழந்தைகள் என் வகுப்பறைக்கே வந்துவிட்டார்கள். நடுவில் இரண்டு இரும்பு அலமாரிகள், அதுதான் சுவர். இந்தப் பக்கம் பின்னம், அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. இந்தப் பக்கம் அமைதி, அந்தப் பக்கம் யாரோ யானையாகிக்கொண்டிருப்பார்கள். முதல் வாரத்திலேயே மூன்று முறை முறையிட்டேன். சிரிக்காதீர்கள், அம்மையார் அவர்களே. மூன்றுக்கும் உங்களிடம் சான்று இருக்கிறது.

அப்போது என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பேருந்து ஓட்டுநரின் மூத்த மகள். கரும்பலகை முன் நிறுத்தினால் அசையமாட்டாள். ஆகவே மற்ற பிள்ளைகள் அவளுக்குச் ‘சிலை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கணக்கில் தொடர்ந்து பூச்சியம். அவளை மீண்டும் நான்காம் வகுப்புக்கு அனுப்பலாம் என்று ஒரு கடிதம் எழுதி, காலையில் தலைமையாசிரியை மேசையில் வைத்தேன். செய்தி தெரிந்து ஓட்டுநர் காக்கிச் சட்டையோடு ஓடிவந்தார்.

“சார், நாலாவதுல இவ தங்கச்சி படிக்கிறா. தங்கச்சி கூட ஒரே பெஞ்சுல உக்காரணும்னா பள்ளிக்கூடமே வேணாங்கிறா. சொன்னா சொன்னதுதான் சார், அவங்கம்மா மாதிரி.”

விதி என்று ஒன்று இருக்கிறதே என்றேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே போனார்.

அன்றைய மதிய இடைவேளையில் அலமாரிக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். மூன்று உருண்டைக் களிமண், நான்கு குழந்தைகள். கிடைக்காத குழந்தையின் குரல் கூரையைத் தொட்டது. அதட்டலாம் என்று எழுந்து, அலமாரி இடுக்கில் பார்த்தேன். தரையில் மண்டியிட்டிருந்தவள் யார்? என் சிலை! ஒவ்வோர் உருண்டையையும் நூலால் நான்காக அறுத்தாள். ஆளுக்கு மூன்று துண்டு எடுத்து வைத்தாள். அழுகை நின்றது.

ஆசிரியை பக்கத்தில்தான் இருந்தார். கை நீட்டவில்லை, வழி சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

“ஒவ்வொருத்தருக்கும் எவ்ளோ கெடச்சுது?”

“முக்கால் உருண்டை, டீச்சர்.”

பெரியோர்களே! மூன்றை நான்கால் வகுத்தால் என்ன? என் கரும்பலகையில் மூன்று நாளாக நின்ற கணக்கு அது! அலமாரிக்கு இந்தப் பக்கம் ஊமையாக இருந்த கணக்கு, அந்தப் பக்கம் எப்படி வாய் திறந்தது?

என் மேசைக்குப் போய் அவளுடைய விடைத்தாள்களைத் தேடினேன். அதே கணக்கு. ஓரத்தில் மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு பங்கு. பக்கத்தில் ‘முக்கால்’ என்று எழுத்தால் எழுதியிருந்தாள். அதன் குறுக்கே என் சிவப்பு மையில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. அதன்கீழ் என் அழகான கையெழுத்தில், ‘விடைத்தாளில் கிறுக்காதே’.

வழிமுறை இல்லை என்றேனே, அதுவல்லவா வழிமுறை! அவள் எழுதத்தான் எழுதினாள். எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் மழலையர் ஆசிரியையிடம் காட்டினேன். வயதில் எனக்கு மகளாகக்கூடியவர். என்ன சொல்வாரோ என்ற தயக்கம் எனக்கு. என் சிவப்புக் கோட்டை அவர் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் சொன்னது இவ்வளவுதான்:

“படத்த நல்லா போட்டிருக்கா சார்.”

அடுத்துத் தலைமையாசிரியை அறை. உள்ளே நுழையும் துணிவு வர, வாசலில் இருந்த அறிவிப்புகளை இரண்டு முறை வாசித்தேன். கடிதம் திரும்ப வேண்டும் என்றேன்.

“காலைலதானே சார் குடுத்தீங்க?”

“ஆமாம்மா. காலைல எனக்குத் தெரியல.”

என்ன தெரியவில்லை என்று அம்மையார் கேட்கவில்லை. ஒரு மாதம் தருகிறேன், பிறகு நானே சோதிப்பேன் என்றார்.

அந்த ஒரு மாதம் நான் மாணவன் ஆனேன். முதலில் கை, பிறகு படம், கடைசியில்தான் எண் என்று ஆசிரியை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். விடையை முந்திக்கொண்டு சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார். அதுதான் கடினமான பாடம். ஐந்தாம் வகுப்பைத் தரையில் உட்காரவைத்துக் குவளைகளைக் கொடுத்தேன். “சார், நாங்க என்ன பாப்பாவா?” என்று முறைத்தார்கள். அரைக் குவளையில் பாதி எவ்வளவு என்று கேட்டேன். சண்டை தொடங்கியது. மணி அடித்தும் அந்தச் சண்டை முடியவில்லை! மூட்டு வலியோடு எழுந்த எனக்கு, இத்தனை ஆண்டில் முதன்முறையாக, வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று இருந்தது.

மாத முடிவில் அம்மையார் பத்துக் கணக்குக் கொடுத்தார். அவள் ஏழு சரியாகப் போட்டாள். தவறிய மூன்றில் ஒன்றுக்கு, எங்கே தவறினேன் என்று தானே விளக்கவும் செய்தாள். ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தாள். இன்று ஏழாம் வகுப்பு. அதோ, மூன்றாம் வரிசையில், தங்கையை அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆசிரியை அவர்களே! மழலை வகுப்பு என்றால் பாட்டும் விளையாட்டும் என்று நினைத்திருந்தேன். பார்த்துப் பொறுத்திருப்பதும், பிழையில் அறிவைத் தேடுவதும், பேசவிட்டுக் கேட்பதும் எந்த வயதுக்குத்தான் வேண்டாம்? ஐந்து வயதுக்குப் பொருந்துவது பத்து வயதுக்கும் பொருந்தும். அறுபது கடந்த எனக்கே பொருந்தியதே!

அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் சொல்லவில்லை, அம்மையாரிடம் சொல்லவில்லை, அவளுடைய தந்தையிடமும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளாக என் மானத்தைக் காத்தீர்கள். நீங்கள் சொல்லாததால்தான், நானே சொல்லும் வலிமை எனக்கு வந்தது.

மகளே, நீ கிறுக்கவில்லை. தவறு என்னுடையது. இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்ல எனக்கு இந்த மேடை வேண்டியிருந்தது.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், தாய்மார்களுக்கும், தூங்காமல் இருந்த மழலைகளுக்கும், என்னை மாணவனாகச் சேர்த்துக்கொண்ட ஆசிரியைக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.