விருச்சிகத்துக்குத் தண்ணீர் ஆகாது

— சிரிக்காதீய டீச்சர். குளத்துல தண்ணி தளும்புது, என் நாத்தாங்கால் வெடிச்சுக் கெடக்கு. பாசன சங்கத் தலைவரு மடையைத் தொறக்க மாட்டேங்காரு. தூத்துக்குடிக்குப் போயி கலெக்டருகிட்டக் குடுக்க ஒரு மனு எழுதித் தாங்க.

— தொறக்காததுக்கு அவரு என்ன காரணம் சொல்லுதாரு, சீனித்தாயக்கா?

— வாரப் பத்திரிகையைச் சட்டைப் பையிலயே வச்சிருக்காரு. யாரு கேட்டாலும் எடுத்துக் காட்டுதாரு. 'விருச்சிக ராசி நேயர்களே, கார்த்திகை பிறக்கும்வரை தண்ணீர் விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.' அதுல ராசிபலன் எழுதுத பொருநைச் சித்தர் சொன்னா சொன்னதுதானாம்.

— அக்கா, அந்தச் சித்தர் நாந்தான்.

— என்னது?

— தாடியும் கிடையாது, தவமும் கிடையாது. ஞாயித்துக்கிழமை வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டே எழுதுதது.

— ஏளா உமாராணி, வெளையாடுதியா?

— வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். சும்மா தமாசு, இதுல யாருக்கு என்ன கெட்டுப்போவுதுன்னு நெனச்சேன். காலையில எட்டாப்புப் பிள்ளைகளுக்குச் சனியைச் சுத்தி வளையம் போட்டுக் காட்டுதேன். சாயங்காலம் அதே சனியைக் கொண்டுபோயி விருச்சிகத்துல உக்கார வைக்கேன்.

— தண்ணியைத் தொடாதன்னு எதுக்கு எழுதுன?

— அன்னைக்கு எனக்குச் சளி. தலைக்கு ஊத்தக் கூடாதேன்னு மனசுல ஓடிச்சு. என் கோளாறைத்தானே பன்னெண்டு ராசிக்கும் பங்கு வைக்கேன்!

— போன மாசம் ரிசபத்துக்கு 'உடன்பிறப்பால் மனக்கசப்பு'ன்னு போட்டிருந்துச்சே? அதைப் படிச்சிட்டு எந் தங்கச்சி வீட்டுப் பக்கமே நா போகல!

— அது... எங்க அண்ணன் அன்னைக்குப் போன்ல கத்துனான்.

— பாவி! எடு வண்டியை. இதை அப்பிடியே தலைவருகிட்ட வந்து சொல்லு.

— வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல தலை காட்ட முடியாதே அக்கா.

— ரெண்டு நாள் போனா நாத்து கருகிரும். தலையைப் பெறகு காட்டிக்கிடலாம்.

— சரி, ஏறுங்க. வழியில எதுவும் பேசாதீய, அழுதுருவேன்.

— தலைவரு வீடு வந்தாச்சு, நிறுத்து.

— நீங்க இங்கன வாசல்லயே நில்லுங்க. அவமானப்பட நா ஒருத்தி போதும்... சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி! உள்ள வரலாமா?

— வாங்க டீச்சரம்மா, உக்காருங்க. காப்பி சாப்பிடுதீயளா?

— வேண்டாம் அண்ணாச்சி. நீங்க பையில வச்சிருக்கீயளே ராசிபலன், அதை எழுதுதது நாந்தான். எந்தக் கிரகமும் எங்கிட்டப் பேசல. என்னை எப்பிடி வேணும்னாலும் ஏசுங்க. மடையை மட்டும் இன்னைக்கே தொறந்துருங்க.

— அட, நீங்கதானா! நல்லாத்தான் எழுதுதீய.

— அத்தனையும் பொய் அண்ணாச்சி. அதை நம்பாதீய.

— யாரு நம்புனா? நா கும்ப ராசி.

— பெறகு ஏன் தொறக்கல?

— மடைக் கதவைத் தூக்குத திருகு ஒடஞ்சு கெடக்கு. போன வருசமே ஒடஞ்சுது. கம்பியைக் கட்டிச் சமாளிச்சிட்டு, புதுசு மாத்தியாச்சுன்னு ஆபீசுக்கு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப அந்தக் கம்பியும் போச்சு.

— இதை ஊர்ல சொல்ல வேண்டியதுதானே?

— போன வருசம் சொன்னேன். எல்லாரும் ரோட்டுல உக்காந்துட்டாங்க. இந்த வருசம் நீங்க எழுதுனதைக் காட்டுதேன், கன்னத்துல போட்டுக்கிட்டுப் போறாங்க. திருகு வர இன்னும் தாமசமாகும் போல, டீச்சரம்மா. தை வரைக்கும் ஆகாதுன்னு அடுத்த வாரம் போட்டுருங்க.