ஆப்பில் போட்ட மாட்டுப் படம்

வில்லியனூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "என் மாடே எனக்கு எதிரா சாட்சி சொல்லிடுச்சு மச்சான்."

"இன்னாபா சொல்ற?"

"ஜெயிச்சா போடப்போற புதுச் சட்டத்துக்கு யோசனை சொல்லுங்கன்னு நம்ம கட்சி ஆப்புல கேட்டாங்கல்ல. மாட்ட ரோட்டுல அவுத்துவுட்டா ஓனருக்கு ஃபைன் போடணும்னு எழுதி, நடுரோட்டுல படுத்துக்கினு இருந்த ஒரு மாட்ட போட்டோ புடிச்சுப் போட்டேன். பின்னாலருந்து எடுத்ததால எனக்கே தெரியல. ஊரே படத்துக்குக் கீழ வந்து எழுதுது, இது உன் மாடுதான்னு."

"அழிச்சிட்டியா?"

"எப்படி அழிக்கிறது? எல்லாரும் ஆதரவு போட்டுட்டானுங்க. என் பொண்டாட்டிதான் மொத ஆளு."

"இப்ப மாடு?"

"கொட்டாய்ல கட்டிப் போட்டுட்டேன். கட்சி எப்ப ஜெயிச்சு எப்ப சட்டம் போடுமோ தெரியல, எங்க வூட்ல அமலுக்கு வந்துடுச்சு."