இரண்டு வாளி உப்புத்தண்ணீர்

முதலில் உட்கார், சூரியபிரகாஷ். எட்டாம் வகுப்பிலும் இப்படித்தான், நான் சொல்லும்வரை நின்றுகொண்டே இருப்பாய். ஐரின் டீச்சர் முன்னால் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்காரக் கூச்சமாக்கும். நடந்ததை எழுதித் தரச் சொன்னாய், எழுதுகிறேன். நீ வாங்கித் தந்த டீயில் சீனி அதிகம். போகட்டும்.

மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உனக்கு எதுவும் விளங்காது. டேங் என்பது கடல் மீன். உள்ளங்கை மாதிரித் தட்டையாக இருக்கும். கடையில் கிடைப்பது முழு மஞ்சள். என்னுடையது பால் வெள்ளை. மஞ்சள் பூசிக்கொண்டிருக்கும்போது பாதியில் யாரோ கூப்பிட்டுப் போய்விட்ட மாதிரி கன்னத்தில் ஒரு அப்பு, வாலோரம் ஒரு தீற்று. அப்படி நிறம் மாறிப் பிறப்பது அபூர்வம். சென்னைக்கு இரண்டு வருடம் போன் போட்டுப் போட்டு வாங்கினேன். இன்னொன்று ஊதா, முதுகில் வெள்ளைத் திட்டு. இரண்டும் கோச்சடை வீட்டு ஹாலில், ஆறடிக் கண்ணாடித் தொட்டியில்.

தொட்டித் தண்ணீர் தினமும் கொஞ்சம் வற்றும். வற்றியதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. உனக்கும் இதை நடத்தியிருக்கிறேன், உப்பளம் படம் போட்டு.

போன மாதம் எழுமலையில் ஒரு கல்யாணம். இரண்டு நாள் போக வேண்டியிருந்தது. என் கணவர் மைக்கேல்ராஜுக்கு நுரையீரல் கெட்டு மூன்று வருடம். கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கில் குழாய்; அந்தக் குழாய் எட்டும் தூரம்தான் அவருக்கு வீடு. பக்கத்து வீட்டு ஆஷ்லின் நர்ஸ். அவரைப் பார்த்துக்கொள்ள அவளிடம் சொன்னேன். தொட்டியைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

திரும்பி வந்தபோது வெள்ளை மீன் ஒருக்களித்து மிதந்தது.

"தண்ணி வத்திக் கெடந்துச்சு ஐரின். பாக்கவே பாவமா இருந்துச்சு. அதான் ரெண்டு வாளி ஊத்துனேன்."

"எதை?"

"உப்புத்தண்ணியத்தான். அடுப்படியில கல்லுப்பு இருந்துச்சுல்ல, அம்புட்டையும் நல்லாக் கரைச்சு ஊத்துனேன். கடல் மீனுக்கு நல்ல தண்ணியவா ஊத்துவாக?"

அவருக்கு மூச்சு இரைத்தது. மூக்குக் குழாயோடு அந்த இரண்டு வாளியையும் இழுத்து வந்திருக்கிறார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "செத்ததுதான் செத்துச்சு, மஞ்சத்தூள் வேற தடவி ரெடியா இருக்கு. பொரிச்சிருவமா?"

நானும் சிரித்தேன். ஆஷ்லினும் சிரித்தாள், கேட்டுப் பார். கோபம் இருந்தால் சிரித்திருப்பேனா?

இந்தப் புதன்கிழமை பேப்பரில் போட்டிருந்தது. மறுநாள் காலை ஒன்பது முதல் நாலு வரை மாதாந்திரப் பராமரிப்பு, கோச்சடையில் கரண்ட் இருக்காது. வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். நான் எதையும் மறைக்கவில்லை. ஆஷ்லினுக்குப் பகல் டூட்டி என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். இன்வெர்ட்டர் பிளக்கில் எப்போதும் அவருடைய மெஷின்தான் இருக்கும். வியாழக்கிழமை அதைப் பிடுங்கிவிட்டுத் தொட்டி மோட்டாரை மாட்டினேன். மிஞ்சியிருந்தது ஒரே மீன் அல்லவா.

நீ கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். அவசரத்துக்கென்று ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் கட்டில் ஓரத்தில் நிரம்பித்தான் நின்றது. அதைத் திறக்கும் சாவி என் கைப்பையில் இருந்தது. அவருடைய மெஷினையும் மோட்டாரையும் சேர்த்தே இன்வெர்ட்டர் தாங்கும் என்று எலக்ட்ரீஷியன் காளை முன்பே சொல்லியிருக்கிறார். ஆனாலும் எதற்கு வம்பு?

நாற்காலி போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்து திறந்து மூடினார். மீனும் அப்படித்தான் செய்திருக்கும். பொறுமையாகக் கேட்டேன்.

"தண்ணி வத்துனா உப்பு எங்கங்க போகும்?"

"மெஷின... மாட்டும்மா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

பத்தே முக்காலுக்குச் சொன்னார். "போகாது... உள்ளதான்... இருக்கும்."

சரியான விடை. தலையைத் தடவிக் கொடுத்தேன். பன்னிரண்டு வரை கையை விடவில்லை. அப்புறம் பிடித்திருக்க அவசியம் இல்லாமல் போனது. சாயங்காலம் ஆஷ்லின் வந்து சிலிண்டர் சாவி எங்கே என்று தேடினாள். நானே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள்தான் உங்களுக்கு போன் போட்டிருப்பாள். ஊதா மீனுக்கு ஒரு குறையும் இல்லை, பாசியை நன்றாகத் தின்றது.

விடை சொன்ன பிறகும் ஏன் மெஷினை மாட்டவில்லை என்கிறாய். எட்டாம் வகுப்பில் இதே கேள்விக்கு நீ நாலாவது தடவைதான் சரியாகச் சொன்னாய். சொன்ன பிறகும் மணி அடிக்கும்வரை உன்னை மைதானத்து வெயிலில் நிறுத்தினேன். அடிக்கவில்லை, நான் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. ஆனால் அதனால்தான் இந்த வயதிலும் உனக்கு அது மறக்கவில்லை.

அவருக்கும் இனி மறக்காது.